24 மணி நேரத் தயிரும் நிறுத்திய மாத்திரையும்

மதுரைக்கு அருகிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகர், பஸ் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், வயது 26, ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளுக்குக் கிரோன் நோய் இருப்பது தெரிந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்ணும் வீக்கமும். உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் அசாதயோபிரின் மாத்திரையில் நோய் அடங்கி, ஒழுங்காக வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

மூன்று மாதங்களுக்கு முன் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் ஓர் உணவுமுறையைச் சொல்லியிருக்கிறார். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை எதுவும் கூடாது; 24 மணி நேரம் உறையவைத்த தயிர் தினமும் வேண்டும்; இதைக் கடைப்பிடித்தால் மாத்திரையே தேவைப்படாது என்றாராம். அதே சமயத்தில் ஒரு வரன் பேச்சும் வந்திருக்கிறது. "மாத்திரை சாப்பிடுகிற பெண் என்று தெரிய வேண்டாம்" என்று சொந்தத்தில் சிலர் சொல்ல, மகள் மாத்திரையை நிறுத்திவிட்டார். தந்தை தயிர் செய்ய ஆரம்பித்தார். பக்கத்துத் தெருவில் கறக்கும் பசும்பாலை, சத்துப் போய்விடும் என்று கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பாக மட்டும் சூடுபடுத்துகிறார். கெட்டியாக வருவதற்கு லிட்டருக்கு இரண்டு பெரிய கரண்டி பால் பவுடர். உறைமோர், மனைவி இருந்த காலத்திலிருந்து விட்டுப்போகாமல் தொடரும் வீட்டு உறை. ஹாட் பாக்ஸில் ஊற்றி மூடி, மறுநாள் அதே நேரத்துக்கு எடுக்கிறார். தயிர் இரண்டு டம்ளர், பாதாம் மாவு அடை, காய்கறி, முட்டை என்று மகளின் சாப்பாடு ஓடுகிறது.

முதல் ஏழு வாரம் நன்றாக இருந்ததாம். கடந்த மூன்று வாரமாக நாளுக்கு ஐந்தாறு முறை பேதி, வலப்பக்க அடிவயிற்றில் வலி, மாலையானால் உடம்பு சுடுகிறது. எடை 49 கிலோவிலிருந்து 43 கிலோவாகிவிட்டது. "தயிர்ப் பக்குவத்தில்தான் தவறு செய்கிறேன் என்று நினைக்கிறேன் டாக்டர். 24 மணி நேரம் போதவில்லையா, உறை சரியில்லையா, எந்தப் பால் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவள் அம்மா இருந்திருந்தால் சரியாகச் செய்திருப்பாள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். உங்கள் மகளின் நிலைமை இப்படித் திரும்பியதற்குத் தயிர் எத்தனை மணி நேரம் உறைந்தது என்பது காரணமாக இருக்க முடியாது. 24 மணியை 30 மணி ஆக்கினாலும், உறையை மாற்றினாலும், இந்த வலியும் காய்ச்சலும் அடங்கப்போவதில்லை. மாத்திரை நின்றதால் நோய் மீண்டும் கிளம்பியிருக்கிறது என்பது என் முதல் சந்தேகம். கொதிக்காத பாலிலிருந்து ஏதேனும் தொற்று சேர்ந்திருக்கலாம் என்பது இரண்டாவது. நேரில் பார்க்காமல், பரிசோதனை இல்லாமல் இது அது என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ஆகவே இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை, மகளுக்கு வைத்தியம் பார்த்த குடல் மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் வாங்குவது. தயிரைப் பற்றிக் கேட்ட எல்லாவற்றுக்கும் கீழே விவரமாகச் சொல்கிறேன். நன்றாகச் செய்த தயிர் அவருக்கு நல்ல உணவு. அதைச் செய்வதற்கு உங்களைப் போல் அக்கறையுள்ள ஒருவர் வீட்டில் இருப்பது அவருக்குப் பெரிய பலம்.

அந்த ஏழு வாரம்

மாத்திரையை விட்டு, தயிரைப் பிடித்த பிறகு ஏழு வாரம் நன்றாக இருந்ததால், தயிர்தான் காப்பாற்றியது என்று நீங்கள் இருவரும் நம்பியிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அசாதயோபிரின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. தொடங்கினால் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நிறுத்தினாலும் மறுநாளே நோய் திரும்பாது. வாரங்கள் கழித்து, பல பேருக்கு மாதங்கள் கழித்துத்தான் திரும்பும். எஞ்சினை அணைத்த பிறகும் இறக்கத்தில் பஸ் கொஞ்ச தூரம் ஓடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஏழு வாரமும் பெரும்பாலும் பழைய மருந்தின் ஓட்டம்தான்.

உணவு மாற்றமும் ஓரளவு உதவியிருக்கலாம், அதை மறுக்கவில்லை. சர்க்கரையும் மாவும் குறைந்தால் குடலில் நொதிப்பதற்குக் குறைவாகவே மிஞ்சும். வாயு, உப்புசம், அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடுவது எல்லாம் குறையும். வயிறு அமைதியாக இருப்பது ஒன்று, குடலின் உள்சுவர் ஆறியிருப்பது வேறொன்று. உள்ளே புண் பரவிக்கொண்டிருக்கும்போதே வெளியே நிம்மதியாகத் தோன்றும் நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதற்காகத்தான் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற பரிசோதனை செய்கிறோம். அந்த அளவு ஒரு கிராமுக்கு 150 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் வீக்கம் அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரையை நிறுத்திய இந்த மூன்று மாதத்தில் ஒரு முறைகூட அதைச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை.

இந்த உணவுமுறை எங்கிருந்து வந்தது

உறவினர் சொன்னதை ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். சீலியாக் என்ற குடல் நோயால் எலும்பும் தோலுமாகிப்போன குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாக வைத்து ஓர் உணவுமுறை கொடுத்து, அவர்கள் தேறியதை 1924இல் எழுதினார். குழந்தைகள் தேறியது உண்மை. வாழைப்பழம்தான் குணப்படுத்தியது என்றும், மாவுச்சத்துதான் எதிரி என்றும் அவர் முடிவு செய்தார். பிறகு நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமைதான் அந்த நோயைத் தூண்டுகிறது என்று கண்டறிந்து 1950இல் ஆய்வேடாகக் கொடுத்தார். ஹாஸின் உணவில் கோதுமை இல்லை. குழந்தைகள் பிழைத்தது அதனால். பலன் உண்மையாக இருந்தது, காரணம் வேறாக இருந்தது. உங்கள் வீட்டில் அந்த ஏழு வாரத்தில் நடந்ததும் இதைப் போன்றதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1950களின் இறுதியில், பெருங்குடல் புண் நோய் இருந்த தன் சிறு மகளை அழைத்துக்கொண்டு எலைன் காட்சால் என்ற தாய் அதே ஹாஸிடம் போனார். மகள் தேறியதைப் பார்த்த அவர் பிறகு தானே அறிவியல் படித்து, இந்த முறையைக் குடல் அழற்சி நோய்களுக்கும் பரப்பினார். ஆக, இந்தத் தயிரை உலகெங்கும் கொண்டுபோனவரும் உங்களைப் போல மகளுக்காகச் சமையலறையில் நின்ற ஒருவர்தான்.

அவருடைய கருத்து இது: செரிக்காத மாவும் சர்க்கரையும் குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகி, அவை பெருகிக் குடல்சுவரைக் கெடுக்கின்றன, சுவர் கெட்டதும் செரிமானம் இன்னும் மோசமாகிறது. எனவே உடைக்கத் தேவையில்லாத எளிய சர்க்கரை மட்டும் உள்ள பழம், தேன் போன்றவை போதும்; பால் வேண்டுமென்றால் அதிலுள்ள பால் சர்க்கரையை, அதாவது லாக்டோஸை, நீண்ட நேரம் உறையவைத்து நீக்கிவிட வேண்டும். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இதை ஒழுங்காகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2021இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. மிதமான கிரோன் நோய் உள்ள சுமார் 190 பேரில் ஒரு பாதிக்கு இந்த உணவுமுறை. மறு பாதிக்கு மத்தியதரைக்கடல் பகுதி மக்களின் உணவு, அதாவது தானியம், காய்கறி, பழம், மீன், ஆலிவ் எண்ணெய் எல்லாம் உள்ள சாதாரணச் சாப்பாடு. ஆறு வாரத்தில் முதல் பிரிவில் 46.5 சதவீதம் பேருக்கும், தானியம் சாப்பிட்ட பிரிவில் 43.5 சதவீதம் பேருக்கும் தொந்தரவு அடங்கியது. வேறுபாடு இல்லை என்றே சொல்ல வேண்டும். ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் அளவு இயல்புக்குத் திரும்பியவர்களோ இரண்டு பக்கமும் மிகச் சிலர்தான். அரிசியை ஒதுக்கியதால் மட்டும் கிடைக்கும் தனிப் பலன் எதையும் இந்த ஆய்வு காட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. கிரோன் நோய்க்கு உணவு மருந்தாகவே பயன்படும் இடம் இருக்கிறது. குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முழுக்க முழுக்க மருத்துவத் திரவ உணவு மட்டும் கொடுத்து நோயை அடக்குவது இன்று ஏற்கப்பட்ட முதல்நிலைச் சிகிச்சை. அது மருத்துவர், உணவியல் நிபுணர் இருவரின் மேற்பார்வையில், கலோரி கணக்கோடு நடப்பது. உணவால் என்ன முடியும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டு நான் இதை எழுதவில்லை.

எடைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது

43 கிலோ. மூன்று மாதத்தில் ஆறு கிலோ. நோயும் கரைக்கிறது, தட்டும் கரைக்கிறது. நம் ஊரில் ஒரு நாளைய வலுவில் பெரும் பங்கு சோற்றிலிருந்தும் இட்லி தோசையிலிருந்தும்தான் வருகிறது. அதை எடுத்துவிட்டு அதே அளவு வலுவைக் காய்கறியிலும் இரண்டு டம்ளர் தயிரிலும் கொண்டுவர முடியாது. கிரோன் நோயை அரிசி உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நன்றாக வெந்த வெள்ளைச் சாதம் புண்பட்ட குடலுக்கு மிக இதமான உணவுகளில் ஒன்று. மருத்துவரைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், முட்டை, முள்ளில்லாத மீன் என்று இன்றே திரும்பக் கொண்டுவாருங்கள். தினமும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் வேண்டும்.

பாதாம் மாவு அடையை இப்போதைக்கு நிறுத்துங்கள். இந்த நோயில் குடல் சில இடங்களில் சுருங்கிப்போகும். சுருங்கிய இடத்தில் பருப்புக் கொட்டைகளும், பச்சைக் காய்கறியும், பழத்தோலும் சிக்கிக்கொண்டால் அடைப்பாகும். வலப்பக்கம் வலிப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை குடல் புண்ணைக் கிளப்பிவிடும்.

24 மணி நேரம் என்ன செய்கிறது

இப்போது தயிர். பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் லாக்டோஸ். இதை உடைக்கும் நொதி நம் சிறுகுடலின் உள்சுவரில் சுரக்கிறது. தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வளர்ந்த பிறகு இந்த நொதி குறைந்துவிடும். சிறுகுடலில் நோய் தீவிரமாக இருக்கும்போது இன்னும் குறையலாம். வழக்கமாக ஆறேழு மணி நேரத்தில் உறையும் தயிரில் லாக்டோஸ் கால் பங்கு அளவுக்குத்தான் குறையும். ஆனாலும் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது. தயிரில் உயிரோடு இருக்கும் பாக்டீரியா தன்னிடமுள்ள நொதியைக் குடலுக்குள் கொண்டுபோய், மிச்ச லாக்டோஸை அங்கே உடைத்துக் கொடுக்கிறது. தயிர் கெட்டியாக இருப்பதால் மெதுவாக நகர்வதும் ஒரு காரணம்.

24 மணி நேரம் சரியான சூட்டில் வைத்தால் லாக்டோஸ் வெகுவாகக் குறையும். முழுக்கத் தீர்ந்துவிடும் என்ற வாக்கை மட்டும் நம்ப வேண்டாம். தயிர் புளிக்கப் புளிக்க, அந்தப் புளிப்பே பாக்டீரியாவைத் தளரச் செய்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் வேலை மந்தமாகிவிடும். அதனால் நாக்கில் புளித்தால் சர்க்கரை போய்விட்டது என்ற கணக்கும் சரியாக வராது. தயிர் பாக்டீரியா லாக்டோஸைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என்று இரண்டாக உடைத்து, பெரும்பாலும் குளுக்கோஸை மட்டும் தின்றுவிட்டுக் காலக்டோஸை விட்டுவிடும். காலக்டோஸ் எளிய சர்க்கரை, நேராக உறிஞ்சப்படும். அது இருப்பதால் தீங்கில்லை.

பால் புரதம் ஒவ்வாமல் அரிப்போ தடிப்போ வருபவர்களுக்கு 24 மணி நேரம் மட்டுமல்ல, எத்தனை நேரம் வைத்தாலும் பயனில்லை. புரதம் அப்படியே இருக்கும். உங்கள் மகளுக்கு அந்தத் தொந்தரவு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

பால், உறை, சூடு

முதலில், இப்போது வீட்டில் இருக்கும் தயிரை மகளுக்குக் கொடுக்க வேண்டாம். கறந்த பாலை வெதுவெதுப்பாக்கினால் கிருமி சாகாது. மாட்டுக் காசநோய்க் கிருமி, புரூசெல்லா என்ற கிருமி இரண்டும் பச்சைப் பால் வழியாகப் பரவுபவை. தயிரின் புளிப்பு அவற்றைக் கொன்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது. அசாதயோபிரின் போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுத்தவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். குடல் காசநோய் வழக்கமாக உட்காரும் இடமும் வலப்பக்க அடிவயிறுதான். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் அதற்கும் உண்டு. கிரோன் நோயையும் குடல் காசநோயையும் பிரித்தறிவது எங்களுக்கே கடினமான வேலை. பச்சைப் பால் விஷயத்தை மருத்துவரிடம் கூச்சப்படாமல், முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். கொதிக்கவைத்தால் பாலின் சத்துப் போய்விடும் என்ற பேச்சில் பொருட்படுத்தத்தக்க உண்மை இல்லை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கின்றன. தயிர் கெட்டியாக உறைவதே பால் நன்றாகக் காய்ந்தால்தான். சூட்டில் பாலின் தெளிநீரில் உள்ள புரதங்கள் விரிந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால் அந்தக் கெட்டி வருகிறது. உங்களுக்குப் பால் பவுடர் தேவைப்பட்டதே பால் கொதிக்காததால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பவுடரும் வேண்டாம். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் ஏறக்குறைய பாதி எடை லாக்டோஸ். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து குறைப்பதில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே கூட்டிவிடுகிறீர்கள். 4.5 சதவீதம் அளவில் கொழுப்புள்ள பாக்கெட் பால் வாங்குங்கள். அதையும் பொங்கவிட்டு, தீயைக் குறைத்து, கிண்டிக்கொண்டே ஐந்து நிமிடம் காய்ச்சுங்கள்.

உறையைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, உங்கள் மனைவியின் கைவழி வந்தது அது. வீட்டு உறைமோரில் பல வகைப் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும் கலந்திருக்கும். அவற்றில் பல நம் சமையலறைச் சூட்டில், 30 டிகிரி செல்சியஸை ஒட்டி நன்றாக வளர்பவை. 40 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வேலை செய்ய வேறு வகை வேண்டும். லாக்டோபேசில்லஸ் பல்காரிக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபைலஸ் என்ற இரண்டும் அதற்கு ஏற்றவை. இவற்றின் பெயர் அச்சிட்ட உறைத் தூள் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பாலும் பாக்டீரியாவும் தவிர வேறெதுவும் சேர்க்காத, இனிப்பில்லாத கடைத் தயிரைப் புதிதாக வாங்கி உறையாக்குங்கள். நான்கைந்து முறைக்கு மேல் அதே உறையைத் தொடராமல் மீண்டும் புதிதாகத் தொடங்குங்கள். உங்கள் வீட்டு உறையைக் கைவிட வேண்டாம். காய்ச்சிய பாலில் தொடர்ந்து ஊற்றி, உங்களுக்கான தயிராக வைத்துக்கொள்ளுங்கள். மகள் முழுவதும் தேறி, மருத்துவரும் சரியென்றால் அவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. உறை தீர்ந்துபோனால் மிளகாய்க் காம்பு போட்டு உறையவைக்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. காம்பில் எந்தக் கிருமி ஒட்டியிருக்கிறது என்று தெரியாது என்பதால் அது இவருக்குக் கூடாது.

அடுத்தது சூடு. ஹாட் பாக்ஸ் இருக்கும் சூட்டைக் காக்குமே தவிர, சூடு தராது. சில மணி நேரத்தில் உள்ளே அறைச் சூடுதான் இருக்கும். சமையலறை வெப்பமானி ஒன்று வாங்குங்கள், அதிக விலை இருக்காது. காய்ச்சிய பால் 42 டிகிரிக்கு இறங்கியதும், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறையைக் கொஞ்சம் பாலில் கட்டியில்லாமல் கரைத்துச் சேருங்கள். வெந்நீரில் அலசிய கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். 24 மணி நேரமும் 38 முதல் 43 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சூடு இதைவிட மிகவும் ஏறினால் பாக்டீரியா சோர்ந்து சாகத் தொடங்கும். மிகவும் இறங்கினால் உறையும், லாக்டோஸ் போதுமான அளவு குறையாது. சூட்டை நிலையாக வைக்கும் மின்சாரத் தயிர்ப் பாத்திரம் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் மூடியுள்ள தெர்மாகோல் பெட்டிக்குள் தயிர்ப் பாத்திரத்தையும், பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களையும் வைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வெந்நீரை மாற்றலாம். இரவில் விழித்திருந்து மாற்ற வேண்டிவரும். உங்கள் வயதில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், தயிர்ப் பாத்திரமே வாங்கிவிடுங்கள்.

உறைந்ததும் ஆட்டாமல் எடுத்து, ஃப்ரிட்ஜில் ஏழெட்டு மணி நேரம் வையுங்கள். மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே தொங்கவிட்டால் தெளிநீரோடு இன்னும் கொஞ்சம் லாக்டோஸ் வெளியேறும், புளிப்பும் இறங்கும். ஈரமில்லாத சுத்தமான கரண்டி. ஐந்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ நிறம் தட்டினால், பூஞ்சை தெரிந்தால், வாடை மாறினால் மேலே வழித்துவிட்டுச் சாப்பிடாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். புதுத் தயிரை மருத்துவரைப் பார்த்த பிறகு, முதலில் ஒரு மேசைக்கரண்டி, ஒத்துக்கொண்டால் நாளுக்கு நாள் கூட்டி ஒரு கிண்ணம் வரை கொடுக்கலாம். சாதத்தில் பிசைந்தே கொடுங்கள். மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்தால் உயிருள்ள பாக்டீரியா மிஞ்சாது. ஆனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும், அதுவும் இவருக்குத் தேவைதான்.

இவ்வளவு பாடும் அவசியமா என்று கேட்டால், லாக்டோஸ் உண்மையிலேயே தொந்தரவு தருகிறதா என்பதைப் பொறுத்தது. மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். தொந்தரவு இல்லையென்றால் காய்ச்சிய பாலில் இரவு உறை ஊற்றிக் காலையில் எடுக்கும் சாதாரணத் தயிரே போதும்.

மாத்திரையும் கல்யாணமும்

மாத்திரையை வீட்டிலேயே மறுபடி தொடங்கிவிடாதீர்கள். தொற்று இல்லை என்று உறுதியான பிறகு, ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதித்துவிட்டு, அதையே தொடங்குவதா வேறு மருந்தா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

வரன் விஷயத்தில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதை மறைக்கலாம் என்று நினைத்த உறவினர்கள், கல்யாணத்துக்குப் பிறகு நோய் கிளம்பி மருத்துவமனையில் படுத்தால் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை. நோய் அடங்கியிருக்கும் பெண்கள் வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாரையும்போல வாழ்கிறார்கள். அசாதயோபிரினைக் கர்ப்ப காலத்திலும் பொதுவாகத் தொடர்கிறோம். கருவுறும் நேரத்தில் நோய் தீவிரமாக இருப்பதுதான் கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வழிவகுக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது உங்கள் மகள் எடுக்க வேண்டிய முடிவு. அவருக்கு 26 வயது. சொல்வதற்கு அவர் தயாரானால், அந்தப் பையனையும் உடன் அழைத்துவரச் சொல்லி மருத்துவரே விளக்கலாம். நான் பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன். இந்தப் பதிலையும் மகளையே படிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம்

மருத்துவரிடம் போகும்போது பழைய கொலோனோஸ்கோபி, திசுப் பரிசோதனை அறிக்கைகளையும், மாத்திரை நிறுத்திய தேதியையும், பச்சைப் பால் சாப்பிட்ட காலத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். ரத்த அணுக்கள், வீக்க அளவு, பி12, இரும்பு, வைட்டமின் டி, மலத்தில் கால்ப்ரொடெக்டினோடு தொற்றுப் பரிசோதனை, காசநோய்க்கும் புரூசெல்லாவுக்கும் வேண்டிய சோதனைகள், தேவையென்றால் வயிற்று ஸ்கேன் என்று கேட்பார்கள். நோய் இருப்பது சிறுகுடலின் கடைசிப் பகுதி, பி12 உறிஞ்சப்படும் இடமும் அதுதான் என்பதால் அந்தச் சோதனை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உணவியல் நிபுணர் ஒருவரையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வயிறு உப்பி வாந்தி எடுத்து, வாயுவே பிரியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழப் பார்த்தாலோ, வாங்கிய நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள்.

வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவாருங்கள். முடிவுகள் வந்ததும் அந்த எண்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.